50 டோர் வாயுவில் ஜெம்மா, திக் ஜெம்மா, பல அடுக்கு திக் ஜெம்மா?

சாதாரணக் காற்றழுத்தத்தில் (760 டோர்) அருமையாக ஓடும் ஜெம் (GEM) தகட்டை, அதாவது வாயுவில் துகள் உதிர்த்த எலக்ட்ரான்களைப் பெருக்கிக் காட்டும் ஓட்டைத் தகட்டை, அப்படியே 50 டோர் வாயுவுக்குள் வைத்துவிட்டு, வோல்டேஜை ஏற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 100 டோருக்குக் கீழே இறங்குவதாக இருந்தால் ஆழமான ஓட்டைதான் வேண்டும், மெல்லிய தகட்டில் காசைப் போடாதீர்கள்.

எதற்கு இவ்வளவு கீழே போக வேண்டும் என்றால், மெதுவாக வரும் அணுக்கருக்களின் தடம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீளும். அமெரிசியம்-241 விடும் ஆல்ஃபா, காற்றில் ஏறக்குறைய 4 செ.மீ. ஓடி நின்றுவிடும், அழுத்தத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் அதே ஆல்ஃபா 40 செ.மீ. போகும்.

சிக்கல் பெருக்கத்தில்தான். ஃபாபியோ சவுலி 1997இல் செர்னில் கொண்டுவந்த ஜெம் என்பது 50 மைக்ரான் கேப்டன் (Kapton) பிளாஸ்டிக் படலம், இருபக்கமும் 5 மைக்ரான் தாமிரம், 140 மைக்ரானுக்கு ஒன்று வீதம் 70 மைக்ரான் ஓட்டைகள். எலக்ட்ரான் அந்த ஓட்டைக்குள் மூலக்கூறுகளில் மோதி மோதித்தான் பெருகுகிறது. எத்தனை மோதல் கிடைக்கும் என்பதை அழுத்தத்தையும் தடிமனையும் பெருக்கிப் பார்த்தாலே ஊகித்துவிடலாம்: 760 டோரில் 50 மைக்ரானுக்கு 3.8 டோர்-செ.மீ., 50 டோரில் வெறும் 0.25. பதினைந்தில் ஒரு பங்கு! அதே 50 டோரில் அரை மி.மீ. தடிமனுள்ள திக் ஜெம்மை வைத்தால் 2.5 வந்துவிடுகிறது, பழைய நிலைக்குப் பக்கத்தில்.

திக் ஜெம்முக்குச் சாதாரண பிசிபி போர்டு போதும், துளையிடும் இயந்திரத்தில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் 0.1 மி.மீ. அளவுக்குத் தாமிரத்தை அரித்து எடுத்துவிடுவார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் பிரெஸ்கின் குழு இதை வளர்த்தெடுத்தது. சில டோர் ஐசோபியூட்டேனில்கூட ஓட்டிப் பார்த்தார்கள். அந்த விளிம்பு பொறி பறப்பதைக் குறைக்கும், ஆனால் வெறுமையாகிவிட்ட காப்புப் பரப்பில் மின்னூட்டம் சேரச் சேரப் பெருக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் ஆன் செய்த உடனே அளவெடுக்காதீர்கள். ஓட்டைகள் மி.மீ. கணக்கில் தள்ளித் தள்ளி இருப்பதைக் குறையாகச் சொல்வார்கள். நீண்ட தூரம் மிதந்து வரும் எலக்ட்ரான் கூட்டம் எப்படியும் பரவித்தான் வந்து சேர்கிறது, அங்கே 140 மைக்ரான் நெருக்கம் வீண். குட்டித் தடங்களைப் படமெடுக்க வேண்டும் என்றால் கதை வேறு: அடிபட்ட அணுக்கரு தன் எலக்ட்ரானை உதிர்ப்பதைப் பார்க்க முயலும் மிக்டால் சோதனைக்காரர்கள் 50 டோர் கார்பன் டெட்ராஃப்ளூரைடில் கண்ணாடி ஜெம் வைத்தார்கள், ஓட்டைகள் நெருக்கம், ஆனால் கண்ணாடியின் தடிமன் அரை மி.மீ.க்கு மேல்!

தூய ஹீலியமோ ஹைட்ரஜனோ என்றால் நான் யோசிக்காமல் பல அடுக்கு திக் ஜெம்முக்குப் போவேன். வாயுவே இலக்காகவும் இருக்கும் கருவிகளில், பெருக்கத்தின்போது கிளம்பும் புற ஊதா ஒளியை விழுங்க இன்னொரு வாயுவைக் கலந்தால் தேவையில்லாத அணுக்கருக்களும் உள்ளே வந்துவிடும். கலக்காவிட்டால் அந்த ஒளி உலோகத்தில் பட்டுப் புது எலக்ட்ரான்களைக் கிளப்ப, பெருக்கம் கைமீறிப் போகும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கொர்டெசி குழு 2017இல் வெளியிட்ட வடிவமைப்பில் ஒரே ஓட்டைக்குள் மூன்று நான்கு தாமிர அடுக்குகள். பெருக்கம் ஓட்டையின் ஆழத்திலேயே நடப்பதால் ஒளியில் பெரும்பகுதியைச் சுவரே மறித்துவிடும். அங்குள்ள ஏடி-டிபிசி (AT-TPC) என்ற, வாயுவே இலக்காக இருக்கும் தடம் பதிக்கும் கருவியில், 10,240 பேட் (சிறு உலோகத் துண்டுகள்) கொண்ட மைக்ரோமெகாஸ் என்னும் வலைப் பெருக்கிக்கு முன்னால் இதை முதற்கட்டப் பெருக்கியாக வைக்கிறார்கள்.

கன அயனி கடந்த நேரம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. சில டோர் ஐசோபியூட்டேனில் இணைத்தகட்டுக் கருவி ஒன்று, ஒரு நானோ நொடிக்கும் குறைவான பிழையோடு நேரம் சொல்லும், பழுது பார்ப்பதும் சுலபம்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்று. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் மின்பொறி குறுகிய இடைவெளியை விட்டுவிட்டு நீண்ட வழியாகப் பாய்வது சகஜம், ஆகவே தகட்டைக் கழற்றிப் பழி போடுவதற்கு முன்னால் சால்டர் முனைகளையும், ஒயர் உறை உரிந்த இடங்களையும், போர்டின் ஓரங்களையும் பாருங்கள்.