முற்றத்துத் தாருக்கு எந்தப் பூச்சு? திருகோணமலை வெயிலுக்கும் மாரிக்கும் ஓர் ஒப்பீடு

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்கள் சிலர் கேற்றிலிருந்து வாகனத் தரிப்பிடம் வரை காப்பட், அதாவது தாரும் கல்லும் மணலும் கலந்த தளம், போட்டிருக்கிறார்கள். போட்ட புதிதில் கன்னங்கரேல் என்று இருக்கும். நாலைந்து கச்சான் காலம் (தென்மேற்குக் காற்று வீசும் காலம்) போனால் சாம்பல் நிறமாகிவிடும், செருப்பால் தேய்த்தாலே மணல் உதிரும். அப்போதுதான் மேலே என்ன பூசுவது என்ற கேள்வி வருகிறது. எங்கள் முற்றத்தில் ஒருமுறை பிழையாகவும் ஒருமுறை சரியாகவும் செய்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காப்பட்டில் தாரின் வேலை கல்லையும் மணலையும் சேர்த்துப் பிடிப்பது. வெயிலும் காற்றிலுள்ள ஒட்சிசனும் அந்தத் தாரை வருடா வருடம் விறைக்கச் செய்து, கடைசியில் நொறுங்க வைக்கின்றன. மெல்லிய வெடிப்புகள் விழும். கார்த்திகை, மார்கழி அடைமழையில் தண்ணீர் அவ்வழியே இறங்கி அடிச்சல்லியைக் குலைக்கும். எங்கள் கரையோரம் முழுக்க மணல் நிலம் என்பதால், ஓரத்தில் கட்டுக்கல் இல்லாத இடங்களில் விளிம்பும் உடைந்து போகும். பூச்சு வெயிலையும் நீரையும் தடுக்கும் தோல் மட்டுமே, தரைக்குப் பலம் தராது. முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்த இடத்தில் அடித்தளமே போய்விட்டது. அங்கே எதைப் பூசினாலும் காசு வீண். வெட்டி எடுத்துச் சல்லி இறுக்கி, திரும்பத் தார் போடத்தான் வேண்டும்.

சரி, பூச்சுகளுக்கு வருவோம். இங்கே நம் மொழியிலேயே ஒரு பொறி இருக்கிறது. மசகெண்ணெயிலிருந்து வரும் பிற்றுமினையும் தார் என்கிறோம், நிலக்கரியிலிருந்து வரும் கோல்டாரையும் தார் என்கிறோம். இரண்டும் வேறு வேறு சாமான்கள். பெற்றோல், டீசல் சிந்தினால் பிற்றுமின் கரையும், ஏனென்றால் இரண்டும் ஒரே எண்ணெயின் பிள்ளைகள். கோல்டார் கரையாது. அதனால் பஸ், வான் நிற்கும் இடங்களுக்கு அதுதான் உறுதி என்று சொல்பவர்கள் உண்டு. உறுதி என்பது உண்மைதான்.

ஆனால் நான் அதை வேண்டாம் என்றே சொல்வேன். புற்றுநோயோடு தொடர்புள்ள பிஏஎச் என்ற சேர்மங்கள் கோல்டார் பூச்சில், பிற்றுமின் பூச்சில் இருப்பதைப் போல ஏறத்தாழ 1,000 மடங்கு இருப்பதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை கண்டறிந்தது. பூச்சு தேயத் தேய அது தூசியாகி வீட்டுக்குள் வரும், மழையோடு கானுக்குப் போகும். டெக்சாஸின் ஒஸ்டின் நகரம் 2006இலும், வொஷிங்டன் மாநிலம் 2011இலும் அதைத் தடை செய்தன. நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முற்றத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி வீட்டுக் கிணறு. மணல் நிலத்தில் தண்ணீர் மேலேயே நிற்கிறது. பிள்ளைகள் முற்றத்தில் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். டின்னில் கோல்டார் என்று எழுதியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது எங்கள் ஊர்ப் பழைய வழி. பீப்பாய்த் தாரை விறகில் காய்ச்சி, மண்ணெண்ணெய் கலந்து இளக்கி, தும்புத்தடியால் இழுப்பது. செலவு மிகக் குறைவு, மேசன்மாருக்கும் கைப்பழக்கம். ஆனால் மண்ணெண்ணெய் கீழே இருக்கும் நல்ல தாரையும் மெதுமையாக்குகிறது. படை தடித்துவிட்டால் ஆனி, ஆடி வெயிலில் தார் கசிந்து செருப்பிலும் டயரிலும் ஒட்டும். சின்ன வெடிப்பை மூட இது போதும், முற்றம் முழுக்கப் பூச வேண்டாம்.

என் தெரிவு பிற்றுமின் எமல்ஷன். ஏறக்குறைய 60 வீதம் பிற்றுமின், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். காய்ச்சத் தேவையில்லை, தீப்பயம் இல்லை. பூசும்போது கபில நிறமாக இருக்கும். தண்ணீர் பிரிந்து போனதும் கறுப்பாக மாறும். அந்த நிறமாற்றம்தான் அது பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம். எங்கள் முதல் பிழையும் இங்கேதான் நடந்தது. ஐப்பசியில் பூசினோம். நாலு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும் என்றார் வேலைக்கு வந்தவர். அன்றிரவே மழை. விடிய எழும்பிப் பார்த்தால் முற்றம் திட்டுத் திட்டாக இருந்தது, கானில் கபிலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றை நினைத்து மனம் பதைத்துப் போனோம்.

எமல்ஷனை வெறுமனே பூசினால் மழைக்கு வழுக்கும். அதனால் மேலே மணல் தூவி உருட்டும் முறை நல்லது. நம் வீதிகளிலும் இதைச் செய்கிறார்கள். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். மகாவலி கடலில் சேர்வதே நம் கொட்டியாற்றுக் குடாவில்தான், கடற்கரை மணலை அள்ளி வந்து உப்பைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. விடுதித் தரிப்பிடம் போல வாகனம் அதிகம் திரும்பும் இடத்துக்கு, எமல்ஷனோடு நுண்சல்லியும் கொஞ்சம் சீமெந்தும் குழைத்துப் பரப்பும் ஸ்லரி இன்னும் தாங்கும். அதற்குக் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும்.

அக்ரிலிக் பூச்சு வெயிலைத் தாங்குவதில் எல்லாவற்றுக்கும் மேல், நிறமும் மங்காது. விலைதான் மலைப்பு. சின்ன வாசலுக்குச் சரி, பெரிய தரிப்பிடத்துக்குக் கட்டுபடியாகாது. தாரையே கிளப்பிவிட்டு இன்டர்லொக் கல் பதிப்பதும் ஒரு வழி. தரை முழுக்க முதலைத்தோலாகிப் போனவர்கள் அதை யோசிக்கலாம்.

எதைத் தெரிந்தாலும் முன்வேலை ஒன்றுதான். 6 மில்லிமீற்றருக்கு மேல் அகன்ற வெடிப்பைப் புல் வேர் போகச் சுரண்டி முதலில் அடையுங்கள். எண்ணெய்க் கறையைச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அதன்மேல் எதுவும் ஒட்டாது. புதுக் காப்பட் என்றால் ஆறு மாதமாவது பொறுங்கள். ஒரு தடித்த படையைவிட இரண்டு மெல்லிய படை நல்லது.

காலம் என்று கேட்டால், மாசி கடைசியிலிருந்து ஆவணி வரை. பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை வரும், வானத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டும். கச்சான் நாட்களில் மணல் பறந்து ஈரப்பூச்சில் அப்பும், அதனால் காற்று அடங்கிய நாளாகப் பாருங்கள். உச்சி வெயிலில் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே தண்ணீர் நின்றுவிடும். நாங்கள் இரண்டாம் தடவை வைகாசியில், விடியற்காலையில், தரையில் இலேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்கினோம். இரண்டு நாள் கேற்றைப் பூட்டி, வாகனங்களை வெளியே வீதியோரம் விட்டோம். அதற்குப் பிறகு இரண்டு மாரி கடந்துவிட்டது, தரை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. அடுத்த வருடம் திரும்ப ஒரு படை போட வேண்டும்.