7 பிஎஸ்ஐ பூஸ்ட் ஏற்றினால் எத்தனை குதிரை கூடும்?

டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் கால்குலேட்டரைக் கையில் எடுத்துவிடுவார். எஞ்சின் 150 குதிரைத்திறன், பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம், 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு). வளிமண்டல அழுத்தம் 14.7, அதோடு 7 சேர்த்தால் 21.7. அதை 14.7-ஆல் வகுத்தால் 1.476. ஆக மொத்தம் 221 குதிரை! இந்த அழுத்த விகிதக் கணக்கு அரை நிமிட வேலை. ஆனால் அது தருவது பெரும்பாலும் எஞ்சின் எட்டாத உச்சவரம்பு.

காற்றை அமுக்கினால் சூடேறும், அதை இந்தக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை. அடர்த்தி விகிதக் கணக்கு அங்கேதான் கை வைக்கிறது. 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று, டர்போவில் காற்றை அமுக்கும் 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரைத் தாண்டும்போது 80 டிகிரி ஆகிவிடும். கெல்வினில் 303-ஐ 353-ஆல் வகுத்து 1.476-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.27 கூட முழுதாக வராது. 221 குதிரை 190-க்கு இறங்கிவிட்டது. ஏறிய 50 டிகிரியில் 35-ஐ, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இறக்கிக் கொடுத்தால் 211 வரை மீளும்.

இரண்டில் எது நிஜத்துக்குப் பக்கம்? 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். 3.5 லிட்டர் வி8, டர்போ இல்லாமல் அதே 10.25 அமுக்க விகிதத்தில் (சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 185 குதிரை. 5 பிஎஸ்ஐ பூஸ்ட் ஏறியதும் நிறுவனம் அறிவித்தது 215. அழுத்த விகிதக் கணக்கு 248 என்கிறது. இன்டர்கூலர் இல்லை, கம்ப்ரஸர் திறன் 65 சதவீதம், காற்று 25 டிகிரி என்று வைத்தால் அடர்த்திக் கணக்கில் வருவது 219. (கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங்கைத் தடுக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் பீய்ச்சினார்கள், அதனால் இவ்வளவு நெருங்கியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு.)

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: பூஸ்ட் மீட்டரை மறந்துவிட்டு, காற்றின் எடையைப் பார்ப்பது. பூஸ்ட் என்பது எஞ்சின் விழுங்க முடியாமல் வாசலில் தேங்கி நிற்கும் காற்றின் அழுத்தம். சிலிண்டர் ஹெட்டின் காற்றுப் பாதையை அகலப்படுத்தினால் பூஸ்ட் குறைந்தும் பவர் கூடலாம். முதல் கணக்கு இதை நஷ்டம் என்று சொல்லிவிடும்! முழு ஆக்சிலரேட்டரில், உச்ச பவர் வரும் ஆர்பிஎம்மில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் காற்றோட்டம் விநாடிக்கு 165 கிராம் என்று காட்டுகிறது என்று வைப்போம். மணிக்கு 594 கிலோ. காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 என்றால் மணிக்கு சுமார் 51.7 கிலோ பெட்ரோல். டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைக்கு மணிக்குக் கால் கிலோ குடிக்கும். ஆக சுமார் 207 குதிரை. சூடு, இன்டர்கூலர், எக்ஸாஸ்ட் நெருக்கடி எல்லாமே அந்த 165-க்குள் அடங்கிவிட்டன. குறை என்னவென்றால், டர்போவைப் பொருத்திய பிறகுதான் இதை அளக்க முடியும். காற்றோட்ட சென்சார் இல்லாத கார்களில் ஸ்கேனர் காட்டுவதும் ஒரு கணக்குதான். டீசலுக்கு இந்த விகிதம் செல்லாது.

டைனோ (காரின் சக்கரத்தை உருளையில் ஓடவிட்டுப் பவரை அளக்கும் கருவி)? அளக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது சக்கரத்தில் கிடைக்கும் பவர், எஞ்சின் பவரை ஊகிக்க அதோடு 15 சதவீதம் சேர்ப்பது வெறும் வழக்கம். வெயில் நாளில் எண்ணைக் கூட்டிக் காட்டப் போடும் வானிலைத் திருத்தமும் டர்போ காருக்குச் சற்றே தாராளம். காற்று மெலிந்தாலும் பூஸ்ட் கன்ட்ரோல் அழுத்தத்தை முடிந்தவரை பிடித்து வைத்துவிடுகிறதே! டைனோ தாளை யாராவது நீட்டினால் நான் முதலில் கேட்பது, முந்தைய தாளும் அதே டைனோவில் எடுத்ததா, திருத்தம் போடாத எண் எங்கே என்பதைத்தான்.