கருவின் நரம்பணுக்கள்: சிகரெட், ஸ்னூஸ், நிகோட்டின் பட்டை, மின்சிகரெட் ஓர் ஒப்பீடு

கருவுற்ற பெண்ணால் புகைப்பழக்கத்தை உடனே விட முடியாதபோது மாற்றாக எதைத் தரலாம் என்று கேட்பவர்கள், சிகரெட்டின் கேட்டை முதலில் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எரியும் புகையிலையின் புகை ஒன்று, நிகோட்டின் மற்றொன்று. வளரும் நரம்பணுவை இவை வெவ்வேறு வழிகளில் தாக்குவதால், ஒரு மாற்றுப்பொருள் இவற்றில் எதை நீக்குகிறது, எதை விட்டுவைக்கிறது என்பதே அதற்கான உரைகல்.

சிகரெட் இரண்டையும் சேர்த்தே தருகிறது. புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருந்தாலும், கருவின் மூளையைப் பொறுத்தவரை முதலில் அஞ்ச வேண்டியது கார்பன் மோனாக்சைடுக்குத்தான். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் கூடுதலான பிடிப்போடு அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால் கருவுக்குச் சேரும் ஆக்சிஜன் குறைகிறது. தாயின் இரத்தத்தைவிடக் கருவின் இரத்தத்தில் அது அதிகமாகவே தேங்குகிறது. கவனக்குறைவு, மிகையியக்கம் போன்ற பிற்காலச் சிக்கல்களையும் புகையின் கணக்கிலேயே எழுதுவது வழக்கம். ஆனால், ஒரே தாயின் குழந்தைகளை ஒப்பிட்ட ஸ்வீடன் ஆய்வுகளில் அந்தத் தொடர்பு பெரிதும் மங்கிவிடுவதால், அதில் குடும்பப் பின்னணிக்கும் பங்குண்டு என்று கொள்வதே நேர்மை.

நிகோட்டின் செயல்படும் விதம் வேறு. வளர்ந்த மூளையில் செய்தி கடத்தும் அசிடைல்கோலின், வளரும் மூளையில் நரம்பணு எப்போது பிரிவதை நிறுத்த வேண்டும், எப்போது முதிர வேண்டும், எங்கே கிளைவிட வேண்டும் என்பதற்கான குறிப்பாகவும் பணிபுரிகிறது. அக்குறிப்பை வாங்கும் ஏற்பிகள் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே தோன்றிவிடுகின்றன; நஞ்சுக்கொடியை எளிதில் கடந்துவரும் நிகோட்டின், அதே ஏற்பிகளில் அமர்ந்து, காலம் வருமுன்னே குறிப்பைத் தந்துவிடுகிறது. கருவுற்ற எலிகளுக்கு நிகோட்டினை மட்டும் செலுத்திய சோதனைகளில், குட்டிகளின் மூளையில் செல் பிரிவு முன்கூட்டியே நின்றது. கேடெல்லாம் புகையில்தான் என்ற பேச்சு புகைப்பவரின் நுரையீரலுக்குப் பொருந்தலாம். கருவின் மூளைக்குப் பொருந்தாது.

இதற்கு மனிதச் சான்று, உதட்டுக்கடியில் வைக்கும் ஸ்வீடன் புகையிலையான ஸ்னூஸ். அதில் எரிதல் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. குழந்தையின் எடை சிகரெட் அளவுக்குக் குறைவதில்லை. ஆயினும் குறைப்பிரசவம், இறந்துபிறத்தல், பிறந்த குழந்தைக்கு மூச்சு விட்டுவிட்டு நிற்றல் ஆகியவற்றோடு அது தொடர்புபட்டிருக்கிறது. மூச்சின் தாளத்தை நடத்துவது மூளைத்தண்டு என்பதால், மாற்றுகளின் வரிசையில் ஸ்னூஸை நான் கடைசியில்தான் வைப்பேன்.

தோலில் ஒட்டினால் நிகோட்டினை மெல்ல உடலுக்குள் செலுத்தும் நிகோட்டின் பட்டைக்கு வலுவான சோதனை, 1,050 கர்ப்பிணிகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியானது. பட்டை ஒட்டியவர்கள் நிகோட்டின் இல்லாத போலிப் பட்டை ஒட்டியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதலாகப் பழக்கத்தை விடவில்லை. பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குமேல் அதைப் பயன்படுத்தவும் இல்லை. கர்ப்பகாலத்தில் உடல் நிகோட்டினை விரைவாகச் சிதைப்பதால் அந்த அளவு போதாமல் போயிருக்கலாம். இருந்தும், இரண்டு வயதில் வளர்ச்சிக் குறைபாடின்றி இருந்த குழந்தைகள் பட்டைப் பிரிவில் சுமார் 73 விழுக்காடு, மற்றதில் சுமார் 65 விழுக்காடு. ஏற்பிகளை மட்டும் எண்ணிப் பட்டையை ஒதுக்குபவர்கள் இந்த எண்களையும் பார்க்க வேண்டும்.

2022-இல் வெளியான, 1,140 பேர் பங்கேற்ற சோதனையில், புகையிலையை எரிக்காமல் நிகோட்டின் ஆவியைத் தரும் மின்சிகரெட்டின் பிரிவில் 6.8 விழுக்காட்டினரும் பட்டைப் பிரிவில் 4.4 விழுக்காட்டினரும் புகையை விட்டனர். எடை குறைந்த குழந்தைகளும் முதற்பிரிவில் குறைவு. ஆனால் பிறப்பு எடை நரம்பணுக்களின் அளவுகோல் அன்று.

நிகோட்டினைச் சேர்க்காத ஊக்கமும் உண்டு: புகையை விடுபவருக்குக் கடையில் பொருள் வாங்கப் பரிசுச் சீட்டு. கிளாஸ்கோவில் 612 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2015-இல் வெளியான சோதனையில், ஆலோசனையும் இலவச நிகோட்டின் மாற்றும் அடங்கிய வழக்கமான உதவியோடு பரிசுச் சீட்டும் தர முன்வந்த பிரிவில் 22.5 விழுக்காட்டினர் புகையை விட்டனர். வழக்கமான உதவி மட்டும் தர முன்வந்த பிரிவில் 8.6 விழுக்காட்டினரே விட்டனர். என் வரிசையில் ஆலோசனையோடு பரிசுச் சீட்டுக்கே முதலிடம். இதுவும் பலிக்காதவருக்குப் பட்டையைத் தரலாம். உறங்கப்போகும்போது அதைக் கழற்றிவிட்டால், கருவை எட்டும் நிகோட்டின் இரவிலாவது குறையும்.