கார்பன் வரியா, பொதுப் பணியா, பெருஞ்செல்வ வரியா: பாலாற்றுப் பக்கமிருந்து ஓர் அலசல்

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஷீட் போட்ட கூரை. சித்திரை பிறந்துவிட்டால் காலை பதினொரு மணிக்கு மேல் வீட்டுக்குள் உட்கார முடியாது. முறத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார். அங்கே காற்றடித்தால் தூள் பறக்கும், கை நின்றுவிடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதனால் கத்திரி வெயில் நாட்களில் அவருக்கு வருமானம் குறைகிறது. வேலூரை வெயிலூர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வெயில் யாருடைய கூலியில் பிடித்தம் செய்கிறது என்பதைத்தான் பேசாமல் இருக்கிறோம்.

பருவநிலை, போர், ஏற்றத்தாழ்வு மூன்றும் ஒரே பிரச்சினைதான் என்று சொல்லும் முற்போக்காளர்களுக்குள்ளேயே இன்று மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. கார்பனுக்கு விலை வைத்து வரி போடுவது ஒன்று. அரசே பணம் இறக்கி வேலையும் பொது வசதியும் உண்டாக்குவது இன்னொன்று. பெருஞ்செல்வத்துக்கு வரி போட்டு, ஆயுதச் செலவையும் குறைத்து, அந்தப் பணத்தைத் திருப்புவது மூன்றாவது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை இரண்டாவது வழியில் நடக்கட்டும், பணம் மூன்றாவதிலிருந்து வரட்டும். முதல் வழியை நான் கடைசியில்தான் வைப்பேன். ஏன் என்பதற்குப் பாலாறே சாட்சி.

கார்பன் வரிக்காரர்களின் வாதம் எளிமையானது. புகை விடுகிறவர் காசு கட்டட்டும், வசூலான பணத்தை மக்களுக்கே பங்கிட்டுக் கொடுக்கலாம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பிரான்ஸில் 2018ல் எரிபொருள் வரி ஏறியபோது, தினமும் வண்டி ஓட்டித்தான் வேலைக்குப் போக முடியும் என்றிருந்த சிறுநகர மக்கள் மஞ்சள் சட்டை போட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கனடாவில் வசூலில் பெரும்பகுதியை வீடுகளுக்கே திருப்பிக் கொடுத்தும், சாதாரண மக்கள் கட்டிய கார்பன் கட்டணத்தை 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டிலும் நிலக்கரிக்குத் தூய எரிசக்தி வரி 2010ல் டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கி 2016ல் 400 ரூபாய்க்கு ஏறியது. 2017ல் ஜிஎஸ்டி வந்ததும் அது மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக மாறிப்போனது. தூய எரிசக்திக்கு என்று வசூலித்த பணத்தின் பாதையே திரும்பிவிட்டது.

அதைவிடப் பெரிய பாடம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றிய தீர்ப்பு அது. அப்போது நம் மாவட்டத்துக்கு வடஆற்காடு அம்பேத்கர் என்று பெயர். தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுக்க ஓர் ஆணையம் வந்தது. அது 2001ல் கிட்டத்தட்ட 29,000 பேருக்குச் சுமார் 27 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரி 10,000 ரூபாய்கூட வரவில்லை. நிலம் உப்பேறி, கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி, தென்னை காய்ந்துபோன ஒரு குடும்பத்துக்கு அது எதற்குக் காணும்?

அந்தத் தீர்ப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வழக்கு இல்லாவிட்டால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த அளவுக்குக்கூட வந்திருக்காது. ஆனால் விலை வைத்ததனால் மட்டும் ஆறு திரும்பி வரவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படியொரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றுவதற்கென்று கட்டிய தொட்டி இருப்பதிலேயே ஏழைகளின் மேல் விழுந்தது. அதன்பின் 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டது. இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், காசு கட்டியதோடு பொறுப்பு தீராது, ஆறு சரியாகும்வரை தொடரும் என்று சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 வருடம் போயிருக்கிறது. வெறும் விலையை நம்புகிறவர்கள் இந்த 28 வருடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, எல்லாத் தோல் தொழிற்சாலைகளையும் மூடிவிடலாமே என்பார்கள் சிலர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் காலையில் ஷூ கம்பெனி வேனுக்காக நிற்கிற பெண்களைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லச் சொல்லுங்கள். மாற்று வேலை காட்டாமல் மூடச் சொல்வதை என்னால் முற்போக்கு என்று ஏற்க முடியாது.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2019ல் பசுமைப் புதிய ஒப்பந்தம் என்ற தீர்மானம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பருவநிலைக்கான வேலையும் வேலைவாய்ப்பும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் நாட்டுப்புற வடிவத்தை நாம் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருக்கிறோம். ஜவ்வாது மலைப் பக்கமிருந்து வரும் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, ஓடையில் கல் தடுப்பு கட்டினார்கள், குழி தோண்டி உறை இறக்கிச் செறிவூட்டும் கிணறு அமைத்தார்கள். மழை வந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடிவிடாமல், நின்று, உறை வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. கிணறுகளில் மட்டம் ஏறியது, வறண்ட ஆற்றில் மறுபடி தண்ணீர் ஓடியது. கூலியும் கிடைத்தது, நீரும் கிடைத்தது. இதில் யார் மீதும் விலை ஏறவில்லை.

ஆனால் அரசு செலவழித்தாலே ஏழைக்குப் போய்விடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2024ல் வந்த கூரை சூரிய மின்சாரத் திட்டத்தில் 78,000 ரூபாய்வரை மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் அதற்குச் சொந்த வீடும் உறுதியான கூரையும் வேண்டும், முதலில் போடக் கையில் பணமோ கடனோ வேண்டும். ஷீட் வீட்டு அக்காவுக்கு அதில் இடமில்லை. வாடகை வீட்டுக்காரருக்கும் இல்லை. பெண்களுக்கு இலவசப் பேருந்து 2021ல் வந்தபோது அப்படி ஆகவில்லை, யாரிடமும் எதுவும் கேட்காமல் எல்லாரையும் ஏற்றிக்கொண்டது. பசுமைச் செலவு என்று எதைச் சொன்னாலும், அது சொத்துள்ளவருக்கு மானியமா, எல்லாருக்கும் பொது வசதியா என்று நான் பிரித்துப் பார்ப்பது இதனால்தான். 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். நிற்கக்கூடிய ஒரு வீடு கொடுப்பதைவிட நேரடியான பருவநிலைத் திட்டம் எது?

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்விக்கு மூன்றாவது வழிதான் பதில் வைத்திருக்கிறது. 2024ல் உலக ராணுவச் செலவு 2.7 லட்சம் கோடி டாலர். அதே ஆண்டு அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஏழை நாடுகளின் பருவநிலைத் தேவைக்காக 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று ஒப்புக்கொண்டார்கள். இது ஆயுதச் செலவில் ஒன்பதில் ஒரு பங்கு. பொருளாதார அறிஞர் கேப்ரியல் சுக்மன் ஜி20க்கு ஒரு யோசனை கொடுத்தார். நூறு கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள சுமார் 3,000 பேரிடம் ஆண்டுக்கு 2 சதவீதம் குறைந்தபட்ச வரி வாங்கினால் 20,000 முதல் 25,000 கோடி டாலர் கிடைக்கும் என்றார். இந்தியாவில் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் நாட்டின் செல்வத்தில் 40 சதவீதம் இருப்பதாக உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் கணக்கிட்டிருக்கிறது. நாமோ இருந்த செல்வ வரியையும் 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டோம். பணக்காரர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. நாடுகள் சேர்ந்து செய்தால்தான் இந்த வரி பலிக்கும், அந்தச் சேர்க்கை இன்னும் வார்த்தை அளவில்தான் இருக்கிறது.

போர் விஷயத்தில் முற்போக்காளர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். உக்ரைன்மேல் ரஷ்யா படையெடுத்த பின் ஜெர்மனியின் பசுமைக் கட்சி ஆயுத உதவியை ஆதரித்தது. படையெடுத்து வந்தவனிடம் அடி வாங்குகிறவனை நிராயுதபாணியாக விடக் கூடாது என்பது அவர்கள் நியாயம், அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் போரின் செலவு போர்க்களத்தோடு நிற்பதில்லை. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனை என்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் கூடுதல் வரி போட்டு 2025 ஆகஸ்டில் 50 சதவீதமாக்கியபோது, ஆம்பூர் ஷூவுக்கும் அந்த அடி விழுந்தது. உக்ரைனைப் பற்றி ஒரு முடிவும் எடுக்காத தையல் மெஷின் பெண் அதற்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்?

ராணுவச் செலவைக் குறை என்று வேலூரில் சொல்லும்போது ஒரு பொறுப்பு இருக்கிறது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். நிலமில்லாத வீட்டுக்குப் பட்டாளச் சம்பளமும் பென்ஷனும்தான் நிலம். 2022ல் வந்த அக்னிபத் என்ற ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு வருடத்துக்குப் பிறகு நான்கில் ஒருவர் வரைதான் தொடர முடியும், மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. சிக்கனம் என்றால் முதலில் சிப்பாயின் பென்ஷனில் கை வைப்பதாக இருந்தால் அந்தச் சிக்கனம் எனக்கு வேண்டாம். குறைக்க வேண்டியது நாடுகள் ஒன்றை ஒன்று பார்த்து வாங்கிக் குவிக்கிற ஆயுதங்களை. ராணுவங்கள் விடும் புகைக்கு முழுக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் பாரிஸ் ஒப்பந்தத்தில்கூட இல்லை. அதைக் கட்டாயமாக்குவதிலிருந்து தொடங்கலாம்.

மே 1 கிராம சபை வருகிறது. கத்திரி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால். எங்கள் ஏரி வாய்க்காலில் செறிவூட்டும் கிணறு, நூறு நாள் வேலைக்கு விடியற்காலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை என்று வெயில்கால நேரம், ஷீட் கூரைகளுக்கு ஊராட்சிச் செலவில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. இந்த மூன்றையும் மனுவாக எழுதிவிட்டேன். முதல் கையெழுத்து அக்காவுடையது.