ப்ளொசம்: அப்பா மட்டும் இருக்கிற வீட்டின் கதை

போன டிசம்பரில் கனடாவில் இருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்த டிவிடி பெட்டி இது. ‘ப்ளொசம்’ என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் முதல் 2 சீசன். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில் நானும் ஏ.எல். படிக்கிற மகனும் 14 வயது மகளும் மட்டும்தான், எனக்கு விவாகரத்தாகி 4 வருடம் ஆகிறது. மச்சான் ஏன் இதைத் தேடிப் பிடித்து வாங்கினான் என்று முதல் நாளே விளங்கிவிட்டது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இந்தத் தட்டு வட அமெரிக்காவுக்கான ரீஜன் 1, எங்கள் டெக்கில் ஓடவே இல்லை, லப்டொப்பில் போட்டு வயர் இழுத்துத்தான் டிவியில் பார்த்தோம். தமிழ் சப்டைட்டில் கிடையாது. பேச்சும் வேகம், அதிலும் ப்ளொசமின் தோழி சிக்ஸ் மூச்சே விடமாட்டாள், மகள் நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொல்லித் தந்தாள்.

அமெரிக்காவின் என்.பி.சி.யில் 1991 ஜனவரியில் தொடங்கி 1995 மே வரை 5 சீசன் ஓடிய தொடர். அப்பா நிக் ரூசோ ஓர் இசைக்கலைஞர், டெட் வாஸ் நடித்திருக்கிறார். மனைவி தன் வாழ்க்கையைத் தேடிப் பாரிசுக்குப் போய்விட, மூத்தவன் டோனி, நடுவில் ஜோயி, கடைசியாக ப்ளொசம் என்று மூன்று பேரையும் அவரே வளர்க்கிறார். 1990 ஜூலையில் முன்னோட்டமாகப் போட்ட எபிசோட்டில் மட்டும் அம்மா வீட்டில் இருப்பார், அப்பாவாகவும் வேறு நடிகர். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ப்ளொசம் பெரிய பிள்ளையாகிற எபிசோட்டுக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம். தொடர் முறையாகத் தொடங்கிய வாரமே இதைத்தான் போட்டிருக்கிறார்கள், அந்தத் துணிச்சல் எனக்கு நிறையப் பிடித்தது. அம்மா பக்கத்தில் இல்லை, யாரிடம் சொல்வது என்று பிள்ளை தவிக்கிறாள். அவள் கற்பனையில் அந்தக் காலத்தின் பிரபலமான டிவி அம்மா கிளேர் ஹக்ஸ்டபிள் வந்து ஆறுதலாக விளங்கப்படுத்துகிறார், அந்த அம்மாவாக நடித்த பிலிசியா ரஷாத்தே வந்து நடித்திருக்கிறார். எங்கள் ஊரில் இந்த விஷயத்துக்கு மாமி, பெரியம்மா, அம்மம்மா என்று வீடு நிறையப் பெண்கள் வருவார்கள். ஆனால் அம்மாவே இல்லாத வீட்டில் அந்தக் கூட்டமும் வராது. என் மகளுக்கு அந்த நாள் வந்தபோது பக்கத்து வீட்டு அக்காவைத்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவ வந்து தண்ணி வார்த்து, உளுத்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்தா. நான் கிணற்றடியில் நின்றேன். பின்னேரம் பார்மசிக்குப் போய் எதை எடுப்பது என்று தெரியாமல் மூன்று விதமான பக்கற் வாங்கி வந்து அவளுடைய மேசையில் வைத்தேன், அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த எபிசோட் ஓடும்போது நான் ரிமோட்டைத் தேடினேன். “நிப்பாட்டாதீங்க அப்பா, பார்ப்பம்” என்றாள். முடிந்த பிறகு, “அண்டைக்கு நீங்களும் பயந்துதானே நிண்டீங்க?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அப்புறம் அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மகனுக்கு டோனியைப் பிடித்துவிட்டது. போதையில் இருந்து மீண்டவன் அவன், அதைத் தொடரில் ஒளிக்கவும் இல்லை, அவனைக் கெட்டவனாக்கவும் இல்லை. ஐஸ் போதைப்பொருள் பற்றிப் பெற்றோர் எல்லோரும் பயந்து கிடக்கிற இந்தக் காலத்தில், அப்படிப்பட்ட பிள்ளையோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிற அப்பனைக் காட்டியது பெரிய விஷயம்.

பஸ் (Buzz) என்ற பெயருடைய தாத்தா இன்னொரு அருமை. அவர் நிக்கை விட்டுப் போன மனைவியின் அப்பா! மகள் பிரிந்து போன பிறகும் மருமகன் வீட்டுக்கு உரிமையோடு வந்து பேரப்பிள்ளைகளோடு பகிடி விடுகிறார். எங்கள் பக்கம் விவாகரத்து என்றால் இரண்டு குடும்பமும் கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பும், நடுவில் பிள்ளைகளுக்குத் தாத்தா இல்லாமல் போய்விடும்.

குறையும் உண்டு. ஜோயி எதற்கெடுத்தாலும் ‘வோ’ என்பதும் அதற்கு ஆட்கள் கைதட்டுவதும் நல்ல காட்சிகளைக் கூடக் கெடுக்கின்றன. பெரிய பிரச்சினைகள் 20 சொச்ச நிமிடத்தில் தீர்ந்துவிடுவதும் நம்பும்படி இல்லை. ப்ளொசமாக வரும் மாயிம் பியாலிக் அதையெல்லாம் தாங்கிக்கொண்டு போகிறார். தொடர் தொடங்கியபோது அவருக்கு 15 வயது, பிற்காலத்தில் நரம்பியலில் முனைவர் பட்டமும் பெற்றவர் என்று மகள் தேடிச் சொன்னாள்.

13 வயதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கூடவே இருந்து பாருங்கள், தனியாகப் பார்க்க விட வேண்டாம். எங்களுக்கு இரண்டாம் சீசனில் இன்னும் 6 எபிசோட் இருக்கிறது. சனிக்கிழமை ரியூசன் முடிந்து பிள்ளைகள் வந்ததும் போடுவோம், இந்த முறை பாலையூற்றில் இருக்கிற அவர்களுடைய அம்மப்பாவுக்கும் போன் எடுத்து வரச்சொல்லி இருக்கிறேன்.