"ஹெச்ஓ ஸ்டார்ட்டர் செட்" வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

ஹெச்ஓ என்ற அளவில் மாடல் ரயில் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 31,500 ரூபாய் கைவிட்டுப் போன பிறகு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மாடி அறை காலியாகக் கிடந்தது. ஆறுக்கு நாலு பிளைவுட் பலகை, அதில் ஒரு ஓவல், ஒரு லூப் லைன், ஓரமாக ஒரு குட்டி ஸ்டேஷன். ஆசை அவ்வளவுதான். புது செட் விலையைப் பார்த்ததும் தலை சுற்றியது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. மாடல் ரயிலும் அந்தத் தலைப்பில்தான் வருகிறது. அதனால் என்னைப் போன்றவர்கள் பழசைத் தேடிப் போகிறோம். அங்கேதான் இந்த மாதிரி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் நம்பர் கிடைத்தது. வெளியூர்க்காரர், பேச்சு அவ்வளவு இனிமை.

"முழு ஸ்டார்ட்டர் செட் ப்ரோ. இன்ஜின், நாலு கோச், ட்ராக், பவர் பேக். பலகையில போட்டு ஓட்ட வேண்டியதுதான்."

"எல்லாமே ஹெச்ஓதானே சார்?"

"ஹெச்ஓதான். எல்லாம் 16.5 எம்எம். எதை வேணா எதுல வேணா ஓட்டலாம்."

இதில் முதல் இரண்டு வாக்கியமும் உண்மை. ஹெச்ஓ என்றால் நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. (நம் பிராட் கேஜ் 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வரும். ஆனாலும் இந்திய இன்ஜின் மாடல்களையும் 16.5லேயே ஓட்டுகிறோம். அப்பாவுக்கு இதில் இன்னும் சமாதானமில்லை.) மூன்றாவது வாக்கியத்தில்தான் என் பணம் போனது.

சிவப்பு இன்ஜின் ஒன்று வளைவில் ஓடும் வீடியோவும் அனுப்பினார். பார்த்த மயக்கத்தில் முழுப் பணத்தையும் ஜிபே பண்ணிவிட்டேன். பில் கேட்கவில்லை.

பார்சல் வந்தது. ட்ராக் எல்லாம் பித்தளை, கறுத்துப் போய் இருந்தது. "அந்தக் கால ஸ்ட்ராங் ஐட்டம்" என்று அவர் சொன்னது இதைத்தான். பித்தளையில் படியும் களிம்பு கரண்டைச் சரியாகக் கடத்தாது. அதனால்தான் இப்போது நிக்கல் சில்வர் ட்ராக் வாங்கச் சொல்கிறார்கள் (பெயரில்தான் சில்வர், உள்ளே வெள்ளி கிடையாது). எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தேன்.

பிறகு பவர் பேக், அதாவது ட்ராக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. தட்டைக் கால் பிளக்குக்கு நம் ஊர் சாக்கெட்டில் சொருகுகிற மாதிரி ஒரு மாற்றுப் பின் மாட்டி அனுப்பியிருந்தார். சொருகினேன். உறுமியது. ஐந்து நிமிஷத்தில் வார்னிஷ் கருகும் நாற்றம். பிடுங்கித் திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்குச் செய்த பெட்டி, நம் 230ஐ எப்படித் தாங்கும்?

போன் போட்டேன். "அடியில பாக்காம சொருகுவாங்களா ப்ரோ? நீங்க எரிச்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" இனிமை போன இடம் தெரியவில்லை. பின்னை மாட்டி அனுப்பியவரே அவர்தான்.

சரி, பவர் பேக் மட்டும்தானே என்று நினைத்தேன். இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் போட்டு 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் புதிதாக வாங்கினேன். இன்ஜினை ட்ராக்கில் வைத்த நொடியில் சிவப்பு விளக்கு எரிந்து ட்ரிப் ஆனது. இன்ஜினை எடுத்தால் பச்சை, வைத்தால் சிவப்பு. கோச்சை மட்டும் வைத்தேன், மோட்டாரே இல்லாத வெறும் பெட்டி. அதற்கும் சிவப்பு.

அப்பா மல்டிமீட்டரை எடுத்து வந்தார். இன்ஜினைக் கவிழ்த்துப் பிடித்து, கருப்பு முனையை இடது சக்கரத்திலும் சிவப்பு முனையை வலது சக்கரத்திலும் வைத்தார். பீப். கோச்சின் அச்சில் வைத்தார். பீப்.

"ரெண்டு சக்கரமும் ஒண்ணாயிருக்குடா. ஷார்ட் ஆகாம என்ன ஆகும்?" என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. நிஜ ரயிலில் அச்சு இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் பண்ணியே ஆகவேண்டும். ட்ராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் லேசாகக் கரண்ட் விட்டு வண்டியைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) இருக்கும் இடத்தில் அப்படித்தான் ரிலே விழும், லைனில் வண்டி நிற்கிறது என்று சிக்னலுக்குத் தெரியும். அப்பா முப்பது வருஷம் பார்த்த வேலையே அது. மாடலில் கதை தலைகீழ். இடது தண்டவாளம் ஒரு முனை, வலது தண்டவாளம் இன்னொரு முனை, மோட்டாருக்குக் கரண்ட் அவற்றிலிருந்துதான் வரவேண்டும். அதனால் அச்சில் எங்காவது பிளாஸ்டிக் வைத்து ஒரு பக்கச் சக்கரத்தைப் பிரித்திருப்பார்கள். எனக்கு வந்ததில் அந்தப் பிரிவே இல்லை.

இன்ஜின் வயிற்றில் ஐஸ் குச்சி நீளத்துக்கு ஒரு தகடு, மெல்லிய ஸ்பிரிங் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. பார்சலில் அடிபடாமல் இருக்க வைத்தது என்று நினைத்து, அதைக் கழற்றவே பார்த்தேன்! அதுதான் விஷயம். அது ஜெர்மனியின் மார்க்லின் இன்ஜின். அவர்களுடைய ஹெச்ஓவில் இரண்டு தண்டவாளமும் ஒரே முனை. இன்னொரு முனை நடுவில், ஸ்லீப்பர் கட்டைகளில் வரிசையாக நிற்கும் சின்ன உலோகப் புள்ளிகள். அந்தத் தகடு அவற்றைத் தடவிக்கொண்டே போகும். பழைய அனலாக் இன்ஜின்கள் ஏசியில் ஓடுகிறவை. அருமையான சாமான்தான், கம்பெனி மேல் ஒரு குறையும் இல்லை. அதை டிசிக்கான இரட்டைத் தண்டவாள ட்ராக்கோடும் அமெரிக்கப் பவர் பேக்கோடும் சேர்த்து "செட்" என்று விற்றதுதான் அயோக்கியத்தனம். மூன்று செட்டில் மிச்சம் விழுந்ததை ஒரு பெட்டியில் போட்டுத் தள்ளியிருக்கிறார்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். முதலில் கேட்டது பில்.

பழசு வாங்கினால், பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் இன்ஜினைக் கவிழ்த்து வீடியோ கேளுங்கள். இரண்டு சக்கரத்திலும் மல்டிமீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பீப் கேட்கக் கூடாது. பவர் பேக்கின் அடித்தகட்டைப் போட்டோ கேளுங்கள், 230 இருக்க வேண்டும். உங்களுக்கு விற்கிற அதே ட்ராக்கில், அதே கன்ட்ரோலரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "ஹெச்ஓதானே" என்று மட்டும் கேட்டு நான் ஏமாந்த மாதிரி ஏமாறாதீர்கள்.

அந்த வீடியோவை அப்புறம் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பதினோராவது வினாடியில் நிறுத்தினால், தண்டவாளங்களுக்கு நடுவே எறும்பு வரிசை மாதிரி அந்தப் புள்ளிகள் பளிச்சென்று தெரிகின்றன. நேற்று அதே வீடியோவோடு "முழு ஸ்டார்ட்டர் செட், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு" என்று வேறொரு நண்பருக்கு வந்திருக்கிறது. விலை இப்போது 34,000.