டச் பேனல் இண்டக்‌ஷன் அடுப்பு: பார்வையில்லாத ஒருத்தியின் நீண்ட நாள் அனுபவம்

அம்பத்தூரில் இருக்கும் தோழி போன் செய்து, "நீ வெச்சிருக்கிற அடுப்பு இப்போ ஆஃபர்ல வருதாம், வாங்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்கும் என்னைப் போலவே பார்வை கிடையாது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். வாட்ஸ், வாரன்டி எல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீ இல்லை. காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடிதான் சூடாகிறது. பாத்திரத்தை எடுத்தால் அதுவே நின்றுவிடுகிறது. புடவைத் தலைப்பு, துணி பிடிக்கும் பயம், காஸ் குமிழைச் சரியாகத் திருப்பினேனா என்ற சந்தேகம் எதுவும் இல்லை. குக்கர் விசிலை வைத்தும் ரசம் நுரை கட்டும் வாசனையை வைத்தும் சமைக்கிறவளுக்கு இதைவிட நிம்மதியான அடுப்பு வேறில்லை. தனியாகச் சமைக்க விடவே பயந்த என் அம்மா, இது வந்த பிறகுதான் ஊருக்குப் போய்த் தங்க ஆரம்பித்தார்.

அப்புறம் அந்த பேனல். முழுக்க வழவழப்பான கண்ணாடி. ஒரு மேடு, ஒரு பள்ளம் இல்லை. எந்த இடத்தில் விரல் பட்டாலும் ஒரே மாதிரி பீப். சூட்டைக் கூட்டினாலும் அதே சத்தம், குறைத்தாலும் அதே சத்தம். கரன்ட் போய் வந்தால் அணைந்தே கிடக்கும். சாதம் வேகிறது என்று நினைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன். இதற்காக ஒவ்வொரு விசைக்கும் கீழே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தேன். ஆன் செய்ய பெரிய பொட்டு, கூட்ட குறைக்க சின்னப் பொட்டுகள். நன்றாகவே ஓடியது.

சமீபத்தில் பேனல் பழுதாகி மாற்ற வேண்டி வந்தது. சர்வீஸ் செய்ய வந்த தம்பி பொறுமையானவர். பழைய பேனல் வருவதில்லை என்று புதியதைப் போட்டார். அதில் விசைகளெல்லாம் இடம் மாறியிருந்தன. "எல்லாமே இப்போ இப்படித்தான் வருது அக்கா" என்றார். அவரே உட்கார்ந்து ஒவ்வொரு விசையையும் காட்ட, மறுபடி பொட்டு ஒட்டினேன். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கண்ணாடியைக் குறை சொல்வதும் நியாயமில்லை. என் போனும் வழவழப்பான கண்ணாடிதான். 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ்-இல் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வசதி வந்ததிலிருந்தே அதற்கு வழி இருக்கிறது: ஒரு முறை தொட்டால் அது என்ன பட்டன் என்று சொல்லும், இரு முறை தட்டினால்தான் வேலை செய்யும். அதாவது தேடுவது வேறு, அழுத்துவது வேறு. எங்களுக்கு விரல்தான் கண். இந்த அடுப்பிலோ தேடுகிற விரலே அழுத்திவிடுகிறது. வடிவமைத்தவர்கள் பார்வையில்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு காபி போடச் சொல்லியிருந்தால் இது ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஈரக் கையோடு போராடுகிற எல்லோருக்கும், கண்ணில் புரை விழுந்த பெரியவர்களுக்கும் சேர்த்தே பிரச்சினை தீர்ந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது இதற்குப் பிறகுதான். சர்வீஸ் முடிந்ததும் கருத்து கேட்டு மெசேஜில் ஒரு லிங்க் வந்தது. சரி, இதையெல்லாம் எழுதிவிடலாம் என்று திறந்தேன். திரையைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் "பெயரில்லாத பட்டன், பெயரில்லாத பட்டன்" என்று வரிசையாகப் படித்தது. மதிப்பெண் கொடுக்கும் நட்சத்திரங்களாம். எது ஒன்று, எது ஐந்து என்று எப்படித் தெரியும்? படத்துக்கு எழுத்தில் ஒரு பெயர் கொடுங்கள் என்பதுதான் இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்காக 2008-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.0 விதிகளில் முதலாவது. அதுகூட இல்லை. ஆக, என் குறை அவர்களிடம் போய்ச் சேராது. பார்வையற்ற வாடிக்கையாளர்களிடமிருந்து புகாரே இல்லை என்று அங்கே கணக்கு எழுதப்படும். அடுத்த மாடலும் அந்தக் கணக்கை நம்பித்தான் வரும். கேட்கும் வழியை மூடிவிட்டு, யாரும் பேசவில்லை என்று சொல்வது பெரிய அநியாயம்.

ஊழியர்களுக்குக் கண்ணைக் கட்டிச் சோதிப்பதும் உதவாது. கண்ணைக் கட்டிக்கொண்டவருக்குத் தடுமாற்றம்தான் தெரியும். பல வருடம் இப்படியே சமைத்தவரின் கைப்பழக்கம் தெரியாது. ஆள் கிடைக்கவில்லை என்று சென்னையில் யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது. அச்சு வார்ப்பதற்கு முன்பே எங்களைக் கூப்பிடுங்கள், எங்கள் சமையலறைக்கு வந்து பாருங்கள், செலவிடும் நேரத்துக்குக் காசு கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 43-ஆவது பிரிவு, எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைத்த நுகர்பொருட்களை ஊக்குவிக்கும் பொறுப்பை அரசுக்கும் கொடுத்திருக்கிறது.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாளே என்று நினைக்கலாம். இந்த அடுப்பை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன், இன்று ராத்திரி சாம்பாரும் இதில்தான். ஆனால் இன்னொருத்தி காசு கொடுத்து இந்த பேனலை வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அழுத்தினால் உள்ளே போகும் பட்டன் வைத்த மாடல்களும் குமிழ் வைத்தவையும் உண்டு. தி.நகரில் கடைக்குப் போனால் டெமோ அடுப்பில் தண்ணீர் வைத்து நீயே ஆன் செய்து, கூட்டி, குறைத்து, அணைத்துப் பார். விற்பனையாளர் உன் விரலைப் பிடித்து வைக்க வேண்டியிருந்தால் அடுத்த கடைக்குப் போ.